அசலுடன் ஒத்திருக்கிறது

புந்தா அரேனாஸில் ஜூன் மாதம்
நாலரை மணிக்கெல்லாம் விளக்குப் போடவேண்டும்.
காற்று ஆளைத் தள்ளும் என்று
தெருமுனைகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள்.
அந்தக் கயிற்றைப் பிடித்துப் பிடித்து வந்தாள்
எடுவிகிஸ் ஓயார்சோ.
நண்டு ஆலையில் ஓடு உடைக்கிற விரல்கள்.
கோட்டுக்குள்ளிருந்து எடுத்தாள் இரண்டு தாள்கள்.

நான் நோட்டரி அலுவலகத்தில் எழுத்தர்.
என் மேசையில் ஒரு முத்திரை உண்டு:
'இந்நகல் அசலுடன் ஒத்திருக்கிறது.'
நாளைக்கு இருநூறு முறை அதைக் குத்திக் குத்தி
என் மணிக்கட்டுக்கு மட்டும்
என்னைவிட வயது அதிகம்.

ஒரு தாள் அவள் எழுதியது,
நீரிணையில் படகோடு போன தம்பிக்கு.
ஆலைச் சங்கத்தின் இதழில் வந்து
ஒன்பது வருடம்.
மற்றது நகரசபையின் பரிசு பெற்றது.
மேலே தங்க மையில் நகரச் சின்னம்,
கீழே, லெயாந்த்ரோ மான்சியா, ஆசிரியர்.

ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து
சன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தேன்.
மிச்சமிருந்த வெளிச்சத்தில்
வரியின்மேல் வரி போய் உட்கார்ந்தது.
ஓர் இடத்தில் மட்டும் எழுத்து கலங்கியது:
அவள் தாளில் 'தம்பி'.
அவன் தாளில் 'அப்பா'.

"பதினோராவது வரி" என்றாள்.
'என்னைவிட இரண்டு வயது சின்னவன் நீ,
உன் சட்டை இன்னும் ஆணியில்.'
அதை மாற்ற மறந்திருக்கிறான்.
மகனைவிட இரண்டு வயது சின்ன அப்பா!
மூன்று நடுவர்கள் படித்திருக்கிறார்கள்,
மேயரின் மனைவி கண்ணைத் துடைத்திருக்கிறார்,
ஒருவர்கூட விரல் மடக்கி எண்ணவில்லை.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அவளுக்கு வரவில்லை.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.
போய்க் கத்த வேண்டாம்.
இதழின் தேதி தெரியும்படி நகல் எடுங்கள்.
பரிசுக் குழுவுக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று,
பதிவுத் தபாலில்.
திருடன் என்று மட்டும் எழுதாதீர்கள்,
அதை அந்தத் தாள்கள் சொல்லிக்கொள்ளும்.
வக்கீல் வேண்டுமென்றால் ஒருவர் இருக்கிறார்;
பணத்தைவிடப் பொறுமையைத்தான்
அதிகம் கேட்பார்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.
பிறகு என் பேனாவை வாங்கி
அவனுக்கான நகலின் அடியில்
ஒற்றை வரி எழுதினாள்:
'உங்கள் தந்தை பிறந்தது எந்த ஆண்டு?'

பத்தொன்பதாம் நாள்
அவள் முத்திரைக்காக வந்திருந்தபோது
அவனும் வந்தான்,
காற்றுக்குத் தொப்பியைக் கொடுத்துவிட்டு.
உறையில் மாற்றப்படாத பரிசுக் காசோலை.
கூடவே ஓர் இறப்புச் சான்றிதழ்:
தந்தை, வயது எண்பத்தொன்று, போன குளிர்காலம்.

"அடக்கத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள்.
முப்பது வருடம் இலக்கணம் நடத்தியவன்,
என் வாயில் ஒரு வாக்கியம் இல்லை.
இதை வாசித்தேன். எல்லாரும் அழுதார்கள்.
யார் எழுதியது என்று ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்."

"பரிசுக்கு அனுப்பும்போது
படிவத்தில் கேட்டிருப்பார்களே" என்றாள் எடுவிகிஸ்.

பத்திரிகைக்கு மறுப்பு எழுத உட்கார்ந்தோம்.
அவன் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு.
'தவறுதலாக' என்று தொடங்கினான். அவள் அடித்தாள்.
'பாதிக்கப்பட்டு' என்றான். அடித்தாள்.
'நினைவில் கலந்துபோய்', அதையும்.
கடைசியில் நின்றது
'எடுத்தேன்.'
கையெழுத்துப் போடும்போது
மூக்கை உறிஞ்சினான்; குளிராகவும் இருக்கலாம்.
மன்னிப்பைப் பற்றி அந்தக் கடிதத்தில்
ஒன்றும் இல்லை.
அதற்கு என்னிடம் முத்திரையும் இல்லை.

கோட்டுப் பொத்தானைப் போட்டபடி
சான்றிதழை மறுபடி பார்த்தாள்.
"எண்பத்தொன்று" என்றாள்.
"என் தம்பிக்கு இருபத்தாறு."
வாசலில் திரும்பி,
"உங்கள் அப்பா என்ன சட்டை போடுவார்?"

வாயைத் திறந்தான்.
அவள் அதற்குள் கயிற்றைப் பிடித்துத்
தெருவில் பாதி போயிருந்தாள்.

பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான்.
நான் மேசையைப் பூட்டி,
கணப்பை அணைத்து,
சாவியை இரண்டு முறை குலுக்கிய பிறகு,
"பழுப்பு" என்றான்.
"கட்டம் போட்டது. இல்லை, பழுப்பு இல்லை..."